கார்ட்டர் ஊரிலிருந்து

அன்புள்ள டீச்சர்,

அமெரிக்காவில் அவித்த கல்லக்கா கிடைக்கிறது! அதைச் சொல்லத்தான் ராத்திரியே எழுத உட்கார்ந்துவிட்டேன். தோலோடு உப்புத் தண்ணீரில் வெந்து, உரித்தால் விரல் வழியே ஒழுகுமே, அதே நிலக்கடலை. உப்பு கொஞ்சம் கூடுதல். நம் சந்தையில் கிழவி கூறு வைத்து விற்பாளே, அந்தப் பதம் வரவில்லை. ஆனாலும் ஒரு பை முழுக்க நானே தின்றேன். வந்ததிலிருந்து நாக்கு செத்துப்போயிருந்தது.

கிடைத்த இடம் ஜார்ஜியா மாநிலத்து ப்ளெயின்ஸ், முன்னாள் அமெரிக்க ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டரின் ஊர். அட்லாண்டாவில் தங்கச்சி மகள் வீட்டிலிருந்து காரில் இரண்டரை மணி நேரம். ஊரில் சுமார் 600 பேர்தான். சின்னப் பையனாக இருந்தபோது கார்ட்டர் இந்தத் தெருக்களில் அவித்த கல்லக்கா விற்றிருக்கிறார். 1981-இல் பதவி முடிந்ததும் நேரே இங்கே திரும்பி வந்து, 1961-இல் கட்டிய அதே வீட்டில் கடைசிவரை இருந்தார். 2024 டிசம்பரில் 100 வயதில் அங்கேயே கண்ணை மூடினார்.

அவர் 1941-இல் முடித்த உயர்நிலைப் பள்ளிதான் இப்போது அருங்காட்சியகம். உங்கள் நினைவுதான் வந்தது. ஜூலியா கோல்மன் என்றொரு டீச்சர், பட்டிக்காட்டுப் பையனிடம் 'போரும் அமைதியும்' நாவலைக் கொடுத்துப் படிக்கச் சொன்னவர். அந்தப் பையன் 1977-இல் ஜனாதிபதியாகப் பதவியேற்ற மேடையில் அவர் பெயரைச் சொன்னான். நம் மாணவர்கள் எந்த மேடையில் நின்று உங்கள் பெயரைச் சொல்லப் போகிறார்களோ!

ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியது பள்ளிக்கூடம் இல்லை. ஊருக்கு வெளியே ஆர்ச்சரி என்ற இடத்தில் அவர் வளர்ந்த பண்ணை இருக்கிறது. செம்மண். காற்றாலை, அப்பா நடத்திய சின்ன மளிகைக்கடை எல்லாவற்றையும் பழையபடியே வைத்திருக்கிறார்கள். கூப்பிடு தூரத்தில் இன்னொரு வீடு, ரொம்பச் சின்னது. பண்ணையில் வேலை செய்த ஜாக் கிளார்க், ரேச்சல் கிளார்க் என்ற கருப்பினத் தம்பதியின் வீடு. விடிவதற்கு ஒரு மணி நேரம் முன்பே ஜாக் மணியடித்து எல்லோரையும் எழுப்புவார். பருத்தி எடுப்பதில் ரேச்சலை மிஞ்ச ஆள் கிடையாது. அப்பா அம்மா வெளியூர் போனால் கார்ட்டர் இந்த வீட்டுத் தரையில்தான் படுத்துத் தூங்குவார். மீன் பிடிக்கவும், மண்ணை மதிக்கவும் ரேச்சலிடம் கற்றதாக எழுதியிருக்கிறார்.

அந்த வாசலில் வெகுநேரம் நின்றேன். கார்ட்டரோடு விளையாடிய பிள்ளைகள் எல்லாரும் கருப்பினப் பிள்ளைகள். ஒரே ஓடையில் குளித்து, ஒரே வயலில் வேலை செய்தார்கள். பள்ளிக்கூடம் மட்டும் வேறு வேறு. நான் சற்று முன் பார்த்துவிட்டு வந்த பள்ளிக்குள் அந்தப் பிள்ளைகள் கால் வைத்திருக்க முடியாது. ஊர்த்தெருவும் காலனியும் பார்த்து வளர்ந்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டாம், டீச்சர். கார்ட்டரின் அப்பா அந்தப் பிரிவினையை நியாயம் என்றே நம்பியவர். அம்மா லில்லியன் வேறு ரகம். நர்சாகக் கருப்பின வீடுகளுக்குப் போய் வைத்தியம் பார்த்தவர், 68 வயதில் நம் பம்பாய் விக்ரோலிக்கே சேவை செய்ய வந்துவிட்டார். கார்ட்டர் பள்ளிக் குழு உறுப்பினரான பிறகும், வெள்ளைப் பிள்ளைகள் பஸ்ஸில் போக கருப்பினப் பிள்ளைகள் நடந்து போவது தன் கண்ணில் பட நாளானது என்று அவரே எழுதினார். 1971-இல் ஆளுநராகப் பதவியேற்ற அன்று, இனப் பாகுபாட்டுக் காலம் முடிந்துவிட்டது என்று அறிவித்தார். நடுவில் எத்தனை வருஷம்!

ஒரு தலைவரின் பெயர் நிலைக்க வேண்டுமென்றால் இந்தச் சின்ன வீட்டையும் சேர்த்துக் காட்ட வேண்டும். நம் ஊரில் தலைவர்களுக்கு மாலை போடுகிறோம், பேச்சுப்போட்டி வைக்கிறோம். அவர்கள் யாரிடம் கற்றார்கள், எதைக் காணத் தவறினார்கள் என்று எந்தப் பிள்ளைக்கும் சொல்வதில்லை. எனக்கு இது மனவருத்தம்தான்.

கார்ட்டர் போய்வந்த தேவாலயத்தையும் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வேதாகமப் பாடம் நடத்த, நாடெங்கிலும் இருந்து ஜனங்கள் விடியுமுன்னே வந்து வரிசையில் நிற்பார்களாம். காணிக்கைத் தட்டுகள் அவர் கையாலேயே மரத்தில் கடைந்தவை.

இன்னொரு சங்கதி நமக்கு நெருக்கமானது. அரூர்ப் பக்கம் தாத்தா காலிலிருந்து நரம்புச் சிலந்திப் புழுவைக் குச்சியில் சுற்றிச் சுற்றி இழுத்த கதையை என் பாட்டி சொல்வார், கேட்கவே உடம்பு கூசும். 1986-இல் உலகத்தில் ஏறக்குறைய 35 லட்சம் பேருக்கு அந்த நோய் இருந்தது. கார்ட்டர் தொடங்கிய அமைப்பு அதை ஒழிக்க இறங்கியது. மருந்தும் கிடையாது, தடுப்பூசியும் கிடையாது. தண்ணீரைத் துணியில் வடிகட்டு, புழு வெளிவரும் காலோடு குளத்தில் இறங்காதே என்று அந்தந்த ஊர் ஆட்களே வீடு வீடாகப் போய்ச் சொன்னார்கள். நம் நாட்டில் அரசாங்கமே இதே வழியில் பாடுபட்டு ஒழித்தது, 2000-இல் உலக சுகாதார நிறுவனமும் சான்று தந்தது. 2024-இல் உலகம் முழுக்க இருபது பேருக்குக்கூட அந்த நோய் வரவில்லை. தனக்கு முன்னால் கடைசிப் புழு சாக வேண்டும் என்பது கார்ட்டரின் ஆசை. அது மட்டும் கைகூடவில்லை.

டீச்சர், ஒன்று செய்வீர்களா? உங்கள் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை வீட்டுப் பெரியவர்களிடம் நரம்புச் சிலந்தி பற்றிக் கேட்டு எழுதிவரச் சொல்லுங்கள். எந்தக் கிணறு, யாருக்கு வந்தது, யார் வந்து என்ன சொன்னார்கள் என்று கேட்கட்டும். அதைக் கண்ணால் பார்த்தவர்கள் இன்னும் சிலர் இருப்பார்கள். நான் வருவதற்குள் ஆரம்பித்துவிடுங்கள், நோட்டு வாங்கும் செலவு என்னுடையது.

அன்புடன்,
உங்கள் பழைய சகா