கூலிக் கணக்கும் கடன் கதையும்

வெம்பிளியில் எம்மவர் பிள்ளைகள் சிலர் பொருளியலில் மேற்படிப்பு வரை போய்விட்டார்கள். "பொருளியல் படிக்கிற பிள்ளைக்குச் சரித்திரம் என்னத்துக்கு?" என்று தாய் தகப்பன் கேட்பதுண்டு. பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, இங்கே தொழிற்சாலையில் நிற்கிற நாங்கள் இதற்குப் பதில் சொல்வது வேடிக்கைதான். ஆனால் எங்களுக்கு இது விளங்காத விஷயமல்ல.

கூலி கூடின இடத்துக்கு ஆள் போகும் என்பது பொருளியல் விதி. தமிழ்நாட்டுச் சனம் இலங்கைத் தோட்டங்களுக்குப் போனதை இந்த விதியால் சொல்லிவிடலாம். போனவர்கள் நினைத்தபடி தோட்டம் மாற முடியாமல் கிடந்ததை எப்படிச் சொல்வது? அதற்குக் கங்காணி கொடுத்த முற்பணத்தின் கதை தெரியவேண்டும். தோட்டத்தை விட்டுப் போக 'துண்டு' வேண்டும். அதில் எழுதின கடனைக் கட்டுகிற தோட்டத்துக்கே ஆளை விடுவார்கள். 1921இல்தான் சட்டம் அந்தத் துண்டை ஒழித்தது.

நாங்களும் பயண முகவருக்குக் கட்ட வாங்கின கடனுக்காகத்தானே இரவு வேலையும் சனி ஞாயிறும் செய்தோம்! எங்கள் சம்பளத் துண்டை மட்டும் பார்க்கிறவர், இவர்களுக்கு ஓவர்டைம் ஆசை என்றே எழுதுவார்.

அதற்காகக் கதை மட்டும் போதும் என்றும் இல்லை. வெள்ளைக்காரன் வந்துதான் குடியானவனை நிலமற்ற கூலியாக்கினான் என்ற கதை ஒருகாலம் பலமாக இருந்தது. தர்மா குமார் என்ற பெண்மணி கேம்பிரிட்ஜில் கலாநிதிப் பட்ட ஆய்வு செய்தபோது, சென்னை மாகாணத்துப் பழைய பதிவுகளை எடுத்து எண்ணிப் பார்த்தார். பள்ளர், பறையர் முதலாய், பரம்பரையாகப் பிறர் வயலில் உழைத்தவர்களின் தொகையைக் கொண்டு, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே சனத்தொகையில் 10 முதல் 15 வீதம் நிலமற்ற கூலிகள் என்று மதிப்பிட்டார். 1965இல் அது நூலாக வந்தது. அவருடைய கணக்கோடு வாதாடியவர்களும் உண்டு. எங்களுக்கோ அது சுட்டது. பழியை வெள்ளைக்காரன் தலையில் போட்டுவிட்டால், சாதியைப் பற்றிப் பேசாமல் இருக்கலாம் அல்லவா?

அந்தக் காலத்துப் பதிவுகளில் ஒரு பங்கு லண்டனிலேயே, பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. வாசகர் அட்டைக்குக் காசில்லை. எங்கள் காலத்துப் பதிவோ வீட்டு லாச்சிக்குள் கிடக்கிறது. பிள்ளை வந்து கடன் எவ்வளவு, வட்டி எத்தனை வீதம், நகை எப்போது மீட்டது என்று கேட்டால், வருஷத்தோடு சொல்லுங்கள். சீட்டுக் கொப்பி இருந்தால் எறிந்துவிடாதீர்கள்.