அலை வரும் மாதம்

டிசம்பர் பிறந்தால் எங்கள் வீட்டில் இரண்டு கவலை. கிழக்குக் கரையில் வெள்ளம் வருமா என்று நான் தொலைக்காட்சிச் செய்தி பார்ப்பேன். அலை எவ்வளவு உயரம் எழும் என்று என் மகள் கைப்பேசியில் பார்ப்பாள். காற்று ஒன்றுதான். எனக்கு அது பயம், அவளுக்குத் திருவிழா.

காஜாங்கில் இருக்கும் நமக்குக் கடல் என்றால் மோரிப், போர்ட்டிக்சன். அங்கே அலை பாதத்தை நனைத்துவிட்டுப் போய்விடும். இந்தியப் பெருங்கடலின் பேரலைகளைச் சுமத்ரா தீவு குறுக்கே கிடந்து மறித்துவிடுகிறது. கிழக்குக் கரை அப்படியல்ல. நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று தென்சீனக் கடலில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தடையின்றி வீசுகிறது. எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம் காற்று நீரைத் தள்ளுகிறதோ, அந்த அளவுக்கு அலையும் வளரும். பகாங்கில் உள்ள செராத்திங் கடற்கரைக்கு அலைச்சறுக்குப் பிரியர்கள் திரண்டு வருவது இந்த மாதங்களில்தான்.

"ஒரே ஒரு தடவைம்மா" என்று இரண்டு வருடமாகக் கேட்டாள். நான் மறுத்ததற்குக் காரணம் உண்டு. எனக்குப் பத்து வயதானபோது, தோட்டத்துக்குப் பின்னால் இருந்த பழைய ஈயக் குட்டையில் அண்ணன் மூழ்கிப் போனான். அதன்பின் தண்ணீர்ப் பக்கமே போகக்கூடாது என்றார் அம்மா. நான் நீச்சல் பழகவேயில்லை.

ஒருநாள் மகள் ஓர் ஆவணப்படத்தைப் போட்டுக் காட்டினாள். பெயர் 'கமலி'. மாமல்லபுரத்துச் சிறுமி கமலி மூர்த்தியையும் அவள் தாய் சுகந்தியையும் பற்றியது. 2020இல் பாஃப்டா விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்ட படம். சக்கரப் பலகையில் பறக்கும் அந்தப் பெண், அலைச்சறுக்கிலும் இறங்கியவள். நான் மகளைவிட அந்தத் தாயைத்தான் அதிகம் பார்த்தேன். மறுவாரம், விடியுமுன் காரை எடுத்தோம்.

செராத்திங்கில் பயிற்சி கொடுத்த மலாய் இளைஞர், பலகையைத் தொடவே விடவில்லை. அரை மணி நேரம் மணலில் உட்கார்ந்து கடலைப் பார்க்கச் சொன்னார். அலைகள் கூட்டமாக வரும், பிறகு சற்று ஓயும், எண்ணிப் பார் என்றார். ஓரிடத்தில் மட்டும் அலை உடையாமல் அமைதியாக இருந்தது. "அங்கே இறங்கலாமா?" என்று கேட்டேன்.

"அக்கா, ஆபத்தே அங்கேதான்" என்றார். கரைக்கு வந்த நீர் திரும்பிப் போகும் வழியாம் அது. இழுத்துக்கொண்டு போனால் கரையை நோக்கிப் போராடக் கூடாது, பக்கவாட்டில் நீந்தி அந்த ஓட்டத்தைவிட்டு வெளியே வர வேண்டும் என்றார். கடைசியாக மகளிடம், "சந்தேகமா இருந்தா இறங்காதே" என்றார்.

எனக்கு அண்ணன் நினைவு வந்தது. அந்தக் குட்டையும் அப்படித்தான் அமைதியாகக் கிடந்தது. கரையிலிருந்து இரண்டடி வைத்தால் ஆழம் என்று அவனுக்குச் சொல்ல ஆளில்லை. அவன் போன பிறகு, எங்களுக்குப் பயப்பட மட்டும் சொல்லித் தந்தார்கள். தண்ணீரைப் பார்க்க யாரும் சொல்லித் தரவில்லை.

பெரிய அலைகளில் பழகியவர்கள் சறுக்கினார்கள். மகளுக்கு இடுப்பளவு நீரில், உடைந்து நுரைத்து வரும் அலைதான். பதினோரு முறை விழுந்தாள். பன்னிரண்டாவது முறை எழுந்து நின்றாள், மூன்று விநாடி. முன்பின் தெரியாதவர்களெல்லாம் விசிலடித்தார்கள். நான் எழுந்து கைதட்டியபோதுதான் கவனித்தேன், முழங்கால் வரை கடலுக்குள் நின்றுகொண்டிருந்தேன்.

இப்போது சனிக்கிழமை காலைகளில் நீச்சல் வகுப்புக்குப் போகிறேன். எனக்கு நாற்பத்தெட்டு வயது, கூடப் படிப்பவர்களுக்கு எட்டு. முதல் பாடம் மிதப்பது.

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.