ஈரம் புகாத ஷூ

பெரும்பாணாற்றுப்படையில் வணிகர் அணியும் காலணிக்கு ‘அடிபுதை அரணம்’ என்று பெயர். அடியை மறைத்துக் காக்கும் அரண். ஆயர்களுக்கு அங்கே ‘தொடுதோல்’ உண்டு. பெண்ணின் கால் என்று வரும்போது நம் பழம்பாடல்களின் கண் சிலம்பில்தான் நிற்கும், அல்லது அடியின் மென்மையில். உடன்போக்கில் போன மகளின் கால் பரற்கல்லில் நோகுமே என்று தாய் அழுவாள். “ஒரு செருப்பு வாங்கிக் கொடுத்திருக்கலாமே மேடம்?” என்று வகுப்பில் ஒருத்தி கேட்டாள். எல்லோரும் சிரித்தோம். சிரித்து முடித்த பிறகும் அந்தக் கேள்வி மட்டும் போகவில்லை. குறிஞ்சியில் மழை இரவில் மலைவழி வருபவன் தலைவன். அந்த வழியை நினைத்து வீட்டில் கிடந்து நடுங்குபவள் தலைவி. வழி அவனுடையது, கவலை அவளுடையது.

நாற்பதைத் தாண்டிய பிறகு நான் வாங்கிய ஈரம் புகாத நடைஷூவைப் பற்றிச் சொல்ல வந்தேன். மலைப்பாதைக்கும் ஆகும், கல்லூரிக்கும் ஆகும் என்பதால் வாங்கினேன். கடைப் பையன் கேட்ட முதல் கேள்வி, “யாருக்கு மேடம், சாருக்கா?” பெண்கள் அலமாரியில் இருந்தது இரண்டே வகை. இரண்டும் ஊதா. குதிகால் சரியாக உட்கார்ந்தால் விரல்கள் நெரிந்தன. இதில் என் காலின் குற்றம் எதுவும் இல்லை. சென்னை அடையாறில் இருக்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்களின் பாதங்களை அளந்து பார்த்தது. ஐரோப்பிய, அமெரிக்கப் பாதங்களைவிட நம் பாதங்கள் பொதுவாக அகலம். நாம் போடுவதோ அவர்களுடைய அளவு. கடைசியில் ஆண்கள் பகுதியில் சிறிய அளவு ஒன்றை எடுத்து, இரட்டைச் சாக்ஸ் போட்டுக் கட்டிப் பார்த்து வாங்கினேன். ஐயாயிரத்துக்கு மேல்.

இந்த ஷூவின் துணிக்கும் உள்துணிக்கும் நடுவே மெல்லிய சவ்வு ஒன்று இருக்கிறது. ‘கோர்டெக்ஸ்’ என்ற பெயரில் பலருக்குத் தெரிந்தது. முதலில் வந்தது டெஃப்லானை இழுத்து விரித்துச் செய்தது. 1969இல் ராபர்ட் கோர் கண்டுபிடித்தார். அந்த நிறுவனத்தை 1958இல் தொடங்கியவர்கள் அவருடைய பெற்றோர் இருவரும். தாயின் பெயர் ஜெனிவீவ். அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். சவ்வின் துளைகள் நீர்த்துளி நுழைய முடியாத அளவுக்குச் சிறியவை, வியர்வை ஆவி வெளியேறும் அளவுக்குப் பெரியவை. ஆனால் ஆவி வெளியேற உள்ளே இருப்பதைவிட வெளியே ஈரப்பதம் குறைவாக இருக்க வேண்டும். சென்னை ஐப்பசியில் அது எப்படி நடக்கும்? சமவெளி வெக்கையில் இந்த ஷூ காலை வேகவைக்கும். அங்கே வலைத்துணி ஷூவோ, வார்ச்செருப்போ போதும். மலைச்சாரலுக்கும் காலைப்பனி நனைத்த புல்லுக்கும்தான் இது.

இன்னொன்றை எந்த விளம்பரமும் சொல்வதில்லை. சேலை கட்டிக்கொண்டு இதைப் போட்டால், நனைந்த கொசுவத்திலிருந்து தண்ணீர் சாக்ஸ் வழியாக உள்ளே இறங்கும். வெளியிலிருந்து ஈரம் புகாத ஷூ, உள்ளே வந்த ஈரத்தையும் விடாது. சொம்பு மாதிரி நிரம்பும். மழைக்காலத்திலும் ஆசிரியைக்குச் சேலைதான் என்று விதி போடுகிறவர்கள் ஒருநாள் இப்படி நடந்து பார்க்கலாம். (நனைந்தால் உள்ளே செய்தித்தாளைத் திணித்து நிழலில் வைக்க வேண்டும். வெயிலில் வைத்தால் பசை விடும்.)

ஷூ இருந்தால் போகலாம் என்பதும் முழு உண்மை இல்லை. தமிழுக்கு இலக்கணம் தந்ததாக நாம் கொண்டாடும் அகத்தியரின் பெயரில் கேரள எல்லையில் அகஸ்தியர்கூடம் என்ற சிகரம் இருக்கிறது. உயரம் 1,868 மீட்டர். 2018இல் கேரள உயர் நீதிமன்றம் சொல்லும்வரை பெண்களை அங்கே ஏற விடவில்லை. 2019 ஜனவரியில்தான் அந்தத் தடை நீங்கிப் பெண்கள் ஏறினார்கள். அதுவரை எத்தனை நல்ல ஷூவும் அடிவாரத்திலேயே நின்றிருக்கும்.

போன ஆடியில் வால்பாறைப் பக்கம் ஒரு தேயிலைச் சரிவில் என் ஷூவோடு நின்றேன். கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்களில் பலரின் காலில் ரப்பர் செருப்பு. அட்டைக்குக் காலில் உப்பும் புகையிலையும் தேய்த்திருந்தார்கள். 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் மழைக்கும் குளிருக்கும் குடை, கம்பளி, மழைக்கோட்டு என்று பேர் சொல்லிக் குறிப்பிட்டது. ‘அதுபோன்ற பிற வசதிகள்’ என்பதும் அதில் இருந்தது. காலுக்கு என்று தனியே ஒரு சொல் இருக்கவில்லை. பகல் முழுக்கச் சரிவில் நிற்பது அந்தக் கால்கள்தான்.

என்னைவிடப் பத்து வயது மூத்த ஓர் அக்கா என் ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தார். விலை கேட்டார். சொன்னேன். “ரெண்டு வாரக் கூலி டீச்சர்” என்றார். போட்டுப் பாருங்கக்கா என்று கழற்றிக் கொடுத்தேன். கூடையை இறக்கி வைத்துவிட்டு, நாடாவை இழுத்துக் கட்டி, நிரைக்குள் நாலடி ஏறி நாலடி இறங்கினார்.

“வழுக்கல. ஆனா முன்னாடி அகலம் பத்தல” என்றார்.