கங்கோத்ரி போனால் மலையையும் பாருங்கள்!

கங்கோத்ரிக்குச் செல்பவர்களில் பலர் பாகீரதியில் நீராடி, கங்கா மாதாவைத் தரிசித்துவிட்டு ஊர் திரும்பிவிடுகிறார்கள். நடக்கத் தெம்பு உள்ளவர்கள் இன்னும் 18 கி.மீ. நடந்து, பனியாற்றின் வாயிலிருந்து ஆறு பீறிட்டு வரும் கோமுகம் வரை போகிறார்கள். இந்தியாவும் ஆசியாவும் மோதிக்கொண்ட கதை, அந்தப் பாதையில் கல்லாக உறைந்து நிற்கிறது.

கறுப்புத் தொப்பி போட்ட சிகரம்

போஜ்பாசாவை நெருங்கும்போது எதிரே பாகீரதி சிகரங்கள் மூன்றும் தெரியும். அவற்றில் 6,454 மீட்டர் உயரமுள்ள மூன்றாம் சிகரம் வித்தியாசமானது. கீழே நெடுஞ்சுவர் போல வெளிறிய கிரானைட். உச்சியில் தொப்பி கவிழ்த்தது போலக் கறுப்புப் பாறை. அந்தக் கறுப்புப் பாறை ஒரு காலத்தில் கடலடிச் சேறு. அதற்குள் கீழிருந்து புகுந்து, ஆழத்திலேயே மெல்ல ஆறி இறுகிய பாறைக் குழம்புதான் இந்தக் கிரானைட். பக்கத்தில் இருக்கும் சிவலிங்க சிகரமும் இதே கல்தான்.

கல்லுக்குள் இருக்கும் தடயம்

நம் ஊர்க் கருங்கல் போல் இது இருக்காது. ஏறக்குறைய வெள்ளையாக இருக்கும். பளபளக்கும் வெள்ளை மைக்காவும், கறுப்பு ஊசிகளைப் போன்ற டூர்மலினும் இதில் உண்டு. டூர்மலின் உருவாக போரான் தேவை. களிமண் படிவுகளில் போரான் அதிகம். ஆகவே, இந்தக் குழம்பு பூமியின் அடியாழத்திலிருந்து வந்ததல்ல. இந்தியாவின் பழைய கடல் படிவுகளே உருகி உண்டானது.

சேறு எப்படி உருகியது? மோதலில் பாறை அடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டன. பல கம்பளிகளைப் போர்த்தினால் உள்ளே சூடு ஏறுவது போல, அடியில் சிக்கிய பாறை மெல்ல மெல்லச் சூடாகி 700 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. மைக்காவில் இருந்த நீர் வெளிப்பட, பாறையின் ஒரு பகுதி உருகியது. இது நடந்தது சுமார் 2.2 கோடி ஆண்டுகளுக்கு முன்பு.

லடாக் சொல்லும் முன்கதை

மோதல் தொடங்கியதோ சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. அது எப்படித் தெரியும்? அதற்கு லடாக் போக வேண்டும். லே நகருக்கு வடக்கே, கார்துங் லா கணவாய்ச் சாலை ஏறிச் செல்லும் மலையும் கிரானைட்தான். ஆனால் இது வேறு வகை. இந்தியாவுக்கும் ஆசியாவுக்கும் நடுவில் இருந்த டெதிஸ் கடலின் தரை ஆசியாவுக்கு அடியில் அமிழ்ந்தபோது ஊறிய குழம்பு இது.

கிரானைட்டில் இருக்கும் சிர்கான் என்ற சிறு படிகத்துக்குள் யுரேனியம் ஒரே சீரான வேகத்தில் ஈயமாக மாறிக்கொண்டிருக்கிறது. எவ்வளவு மாறியிருக்கிறது என்று அளந்தால் கல்லின் வயது தெரியும். அப்படி அளந்ததில், லடாக் கிரானைட்டின் பெரும்பகுதி 5 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டது என்று தெரிந்தது. அதன் பிறகு குழம்பு ஊறுவது படிப்படியாக நின்றுவிட்டது. அமிழ்வதற்குக் கடல்தரை மிச்சமில்லை. கரையோடு கரை முட்டிவிட்டது.

லடாக் கல் கடல் இருந்ததற்குச் சாட்சி. கங்கோத்ரி கல் அது மூடிப்போனதற்குச் சாட்சி.

இன்னும் முடியவில்லை

இந்திய நிலத்தட்டு இன்றும் ஆண்டுக்கு 4 முதல் 5 செ.மீ. வரை வடக்கே நகர்ந்துகொண்டிருக்கிறது. கங்கோத்ரிக்குப் போகும் வழியில் உள்ள உத்தரகாசி பகுதியை 1991 அக்டோபரில் உலுக்கி, 700-க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட நிலநடுக்கம் அந்த நெருக்கலின் விளைவுதான். மலையை உயர்த்திய அதே விசை வீடுகளையும் சாய்க்கிறது.

போகிறவர்களுக்கு

கங்கோத்ரி கோயில் அட்சய திருதியை முதல் தீபாவளி வரை திறந்திருக்கும். கோமுகம் செல்ல வனத்துறை அனுமதி வேண்டும். ஒரு நாளைக்கு 150 பேருக்கு மட்டுமே அனுமதி. வழியில் வெள்ளைக் கல்லில் கறுப்பு ஊசிகள் தெரிந்தால் நின்று பாருங்கள். தேசியப் பூங்கா என்பதால் கல்லை எடுத்து வரக் கூடாது. படம் எடுத்துக்கொண்டால் போதும்.