துறைமுக நகரில் ஒரு குழு தேடி

சென்ற ஆனி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், விடிவெள்ளி மறையுமுன்னரே மூதூரில் பஸ் ஏறினோம். திருகோணமலைக்குச் செல்வோர் பெரும்பாலும் கோணேசரைத் தரிசிக்கவோ கடற்காட்சி காணவோ செல்வர். நாம் சென்றது எமது 13 வயது மகளுக்கு ஒரு விளையாட்டுக் குழுவைத் தேடி.

அமெரிக்காவில் 'சொவ்ற்போல்' என்றொரு ஆட்டம் உண்டு. 1887 இல் சிகாகோ நகரில் பிறந்த அவ்வாட்டத்தில் ஊரூராகச் சென்று ஆடும் சிறுமியர் குழுக்கள் அங்கே பல. அதற்கு நம் நாட்டில் நெருங்கிய உறவு எல்லே. மட்டையால் ரெனிஸ் பந்தை அடித்துவிட்டு, நிலைகளைச் சுற்றி ஓடி வரவேண்டும். அடிப்பவருக்கு மூன்று வாய்ப்பு. பந்து நிலத்தில் விழுமுன் பிடிபட்டாலும், ஓடும்போது பந்தால் எறிபட்டாலும் ஆட்டம் போயிற்று. மகளின் பாடசாலையில் எல்லேக் குழு இல்லை. எனவே நகரத்துக் கழகங்களை நாட வேண்டியதாயிற்று.

வீட்டில் எதிர்ப்பு இல்லாமல் இல்லை. "குமர்ப்பிள்ளையை ஊரூராக அனுப்பவோ?" என்றார் அம்மம்மா. யாழ்ப்பாணத்தில் பிறந்த தர்ஜினி சிவலிங்கத்தின் கதையை மகள் எடுத்துரைத்தாள். 2018 இல் சிங்கப்பூரில் ஆசிய வலைப்பந்தாட்டக் கிண்ணத்தை வென்ற இலங்கைக் குழுவில் அவர் ஆடியதையும், 2019 இல் லிவர்பூல் உலகக் கிண்ணப் போட்டியில் எல்லோரையும் விட அதிகமாக 348 கோல்கள் போட்டதையும் சொன்னாள். அம்மம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரி, பிள்ளையோடு கூடப் போவது யார்?" என்றார். அன்று முழுதும் எம் செவியில் ஒலித்த கேள்வி அதுவே.

கிண்ணியாப் பாலத்தில் பஸ் ஏறியபோது நன்றாக விடிந்துவிட்டது. வலப்புறம் கொட்டியாரக் குடா. இடப்புறம் தம்பலகாமக் குடா. 2009 இல் இப்பாலம் திறக்கப்படும் வரை இவ்விடத்தைப் படகுப் பாதையிலேயே கடக்க வேண்டியிருந்தது. இதே கிண்ணியாவில், குறிஞ்சாக்கேணியில், 2021 நவம்பர் 23 அன்று இழுவைப் படகு கவிழ்ந்து பள்ளிச் சிறார் உயிரிழந்த துயரம் இம்மாவட்டத்தார் நெஞ்சில் ஆறாத புண். காலையில் புறப்பட்ட பிள்ளை மாலையில் வீடு திரும்புவது இங்கே சிறிய காரியமன்று.

நகரத்தில் முதலில் கண்ட குழு பெயர்பெற்றது. அலுவலக அறை நிறையக் கிண்ணங்கள். மகளின் கண்கள் அவற்றை விட்டு அகலவில்லை. பயிற்றுநர் வென்ற போட்டிகளை விரிவாகக் கூறினார், கட்டணத்தையும் கூறினார். வெளியூரில் ஆட்டம் முடியப் பொழுதுபட்டால் பிள்ளைகள் எவ்வாறு திரும்புவர் என்று கேட்டோம். "ஏதாவது வாகனம் கிடைக்கும், பார்த்துக்கொள்ளலாம்" என்றார். மைதானத்தில் மூத்த பெண்கள் அபாரமாக ஆடினர். சிறுமியர் ஐவர் வேம்பு நிழலில் தண்ணீர்ப் போத்தல்களுக்குக் காவல் இருந்தனர்.

அடுத்த குழுவைக் காண நேரம் இருந்தது. உட்துறைமுகக் கரையில் சற்று நின்றோம். குன்றுகள் சூழ, அலையின்றிக் கிடந்தது நீர். உலகின் தலைசிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்று இது. இதன்பொருட்டே வல்லரசுகள் போரிட்டன. 1942 ஏப்ரல் 9 அன்று யப்பானிய விமானங்கள் குண்டு வீசின. 1957 வரை பிரித்தானியக் கடற்படை இங்கே தங்கியிருந்தது. அவர்களை ஈர்த்தவை இதன் ஆழமும் காற்றுக்கு மறைவான காப்பும். மேலே பார்த்து ஆழத்தை அறிய இயலாது. அளந்தே அறிய வேண்டும்.

இரண்டாவது குழு கடற்கரையோரத்தில், கச்சான் காற்றில் புழுதி பறக்க ஆடிக்கொண்டிருந்தது. கிண்ணங்கள் சிலவே. பயிற்றுநர் ஓர் ஆசிரியை. அவர் கையில் ஒரு கொப்பி. அதில் ஒவ்வொரு பிள்ளையின் பெற்றோர் பெயர், தொலைபேசி இலக்கம், பயணங்களில் உடன் சென்ற தாய்மாரின் பெயர், புறப்பட்ட நேரம், திரும்பிய நேரம். எளிதான பந்தொன்றைத் தவறவிட்ட சிறுமியை எவரும் ஏசவில்லை. தலைவி அருகே சென்று, கையை எவ்வாறு குவிப்பதென்று காட்டிக்கொடுத்தாள். சின்னஞ்சிறியவளுக்கும் மட்டை பிடிக்க முறை வந்தது.

"முதல் வருடம் வெளியூர்ப் போட்டிக்கு அழைத்துச் செல்வேன் என்று வாக்குக் கொடுக்கமாட்டேன், முதலில் பழகட்டும்" என்றார் ஆசிரியை. பின்னர், "பரீட்சை எப்போது?" என்று மகளிடமே கேட்டார்.

எம் முடிவை நாம் வாய்விட்டுக் கூறவில்லை. கிண்ணங்களை மறக்கச் சொல்ல எமக்கு மனம் வரவில்லை. பஸ் நிலையத்துக்கு நடக்கும்போது மகள் தானாகவே பேசினாள்: "அந்த வேம்படியில் என் வயதுப் பிள்ளை ஒருத்தி இருந்தாள், அப்பா. நாங்கள் நின்ற நேரம் முழுதும் அவள் மட்டையைத் தொடவேயில்லை."

பெண்பிள்ளைகளைப் பெற்ற வாசகர்களுக்கு நாம் சொல்லக்கூடியது இதுதான். கிண்ணங்களை எண்ணுமுன், ஆடாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளை எண்ணுங்கள். கூடச் செல்வோர் யார், திரும்பும் நேரம் எது என்று கூச்சமின்றிக் கேளுங்கள். தோற்ற நாளில் பிள்ளைகளோடு எப்படிப் பேசுகிறார்கள் என்று பாருங்கள். முடிவைப் பிள்ளையும் சேர்ந்து எடுக்கட்டும். மைதானத்தில் நிற்கப்போவது அவளல்லவா?

பொழுதுபட வீடு சேர்ந்தோம். வாசலிலேயே அம்மம்மா தம் கேள்வியை மீண்டும் கேட்டார். மகள் கொப்பியில் கண்டதை ஒன்றும் விடாமல் ஒப்புவித்தாள். அம்மம்மா மறுமொழி ஏதும் கூறவில்லை. ஆனால் அடுத்த சனிக்கிழமை நாம் விழிக்குமுன்னரே அடுக்களையில் புட்டு அவியும் மணம் வந்தது.