பீரோவில் பதினான்கு போர்வைகள்

வங்கி வேலையில் இருந்த 34 வருடமும் பொழுதுபோக்கு என்று எனக்கு ஒன்றும் கிடையாது. 2014இல் ஓய்வு பெற்ற கையோடு மகளின் பிரசவத்துக்காக ஹூஸ்டன் போனேன். அங்கே நூலகத்தில் வாரம் ஒருநாள் கூடும் பாட்டிமார்கள்தான் எனக்குக் குவில்ட் தைக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். மேலே துண்டுத் துணிகளை இணைத்த அடுக்கு, நடுவில் மெல்லிய பஞ்சு, அடியில் முழுத் துணி. மூன்றையும் சேர்த்து ஊசி ஓட்ட வேண்டும். ஒன்பது சதுரங்களை மூன்றுக்கு மூன்றாக இணைக்கும் ‘நைன் பேட்ச்’தான் அதில் அரிச்சுவடி.

சென்னைக்குத் திரும்பிய பிறகு துணிக்கா பஞ்சம்? நவராத்திரி, சீமந்தம், கிரகப்பிரவேசம் என்று தாம்பூலத்தோடு வந்த ரவிக்கைத் துணிகள் நம் வீடுகளில் எத்தனை சேரும் என்று உங்களுக்கே தெரியும். நான் தைக்கிறேன் என்று தெரிந்ததும் சொந்தக்காரர்களும் பழைய புடவைகளைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். தெருமுனைத் தையல்காரர் வெட்டு மிச்சங்களைப் பை பையாகக் கட்டி அனுப்பினார். ஒன்றைத் தைத்துக்கொண்டிருக்கும்போதே அடுத்ததற்கான நிறச் சேர்க்கை கண்ணில் பட்டுவிடும். வெட்டத் தொடங்கிவிடுவேன். முடிக்காமல் கிடப்பவற்றை அமெரிக்கக் குவில்ட்காரர்கள் ‘யூ.எஃப்.ஓ.’ என்பார்கள். பறக்கும் தட்டு அல்ல, ‘அன்ஃபினிஷ்ட் ஆப்ஜெக்ட்’ என்பதன் சுருக்கம்.

போன வருடம் இரண்டு கண்ணிலும் புரை அறுவை முடிந்தது. அதன் பிறகு கட்டைவிரல் மூட்டிலும் வலி. ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஊசி பிடிக்க வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பீரோவைத் திறந்து எண்ணினேன். முடியாத போர்வைகள் பதினான்கு. என் வேகத்துக்கு ஒவ்வொன்றிலும் சராசரியாக 200 மணி நேர வேலை பாக்கி. மொத்தம் 2800 நாள், அதாவது ஏழரை வருடத்துக்கும் மேல். ஏழரை என்றதும் சனீஸ்வரன்தான் நினைவுக்கு வந்தார். எனக்கு இப்போது 69. புதிதாக ஒரு துண்டுகூட வெட்டாமல் இருந்தால்தான் 77 வயதில் பீரோ காலியாகும்.

வங்கிக்காரி புத்தி, வாராக்கடன் பட்டியல் மாதிரி ஒரு நோட்டில் எழுதினேன். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரே கேள்வி: இது யாருக்கு?

நான்கில் மேலடுக்கு முடிந்திருந்தது. சென்னை வெயிலில் பஞ்சு வைத்த போர்வையை யார் போர்த்திக்கொள்வார்கள்? வங்காளத்துக் காந்தாவில் பழைய புடவைகளை அடுக்கி ஓட்டுத் தையல் போடுவார்கள், பஞ்சே வேண்டாம். அந்த வழியில் அடியில் ஒரு பழைய புடவையை மட்டும் வைத்து மெஷினில் ஓரம் அடித்தேன். கட்டில் விரிப்பாகிவிட்டன. மூன்று அரைகுறையாக இருந்தன. அதில் ஒன்று பேரனுக்காகத் தொடங்கிய லாரிப் படம் போட்டது. அவனுக்கு இப்போது பதினொன்று. லாரி வயது தாண்டிவிட்டது. மூன்றையும் கைக்குழந்தை அளவுக்குக் குறைத்துவிட்டேன். வீட்டு வேலைக்கு வரும் அம்மாவின் பேத்தி அதில் ஒன்றின் மேல்தான் குப்புற விழுந்து பழகுகிறாள். வெட்டிய துண்டுகளாகவே கிடந்த ஐந்தும் தையல் வகுப்புப் பெண்களுக்குப் போயின.

மிஞ்சியவை இரண்டு. ஒன்று அம்மாவின் மதுரைச் சுங்குடிப் புடவைகள். இன்னொன்று என் கணவரின் கட்டம் போட்ட அரைக்கைச் சட்டைகள், மொத்தம் பதினொன்று. அவர் 2019இல் போனார். மறு வருடம் ஊரடங்கு நாட்களில் அவற்றைச் சதுரங்களாக வெட்டினேன். அத்தோடு சரி. எடுப்பேன், தடவிப் பார்ப்பேன், திரும்ப வைத்துவிட்டு வேறு ஏதாவது புதிதாகத் தொடங்குவேன். தைத்து முடித்தால் அவர் சம்பந்தமாகச் செய்ய இனி வேலை ஒன்றும் இராது என்று உள்ளுக்குள் ஒரு பயம்.

அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்று ஒரு கிராமம். அங்குள்ள கறுப்பினப் பெண்கள் கிழிந்த வேலை உடைகளை வெட்டிப் போர்வை தைத்தார்கள், குளிருக்காக. 2002இல் அவை ஹூஸ்டன் அருங்காட்சியகத்தில் கலைப்பொருளாகக் காட்சிக்கு வைக்கப்பட்டன. அந்தப் படங்களை நூலகத்தில் பார்த்திருக்கிறேன். அவற்றில் ஒன்று 1942இல் மிசௌரி பெட்வே என்ற பெண் தைத்தது, இறந்துபோன கணவரின் வேலை உடைகளைக் கொண்டு. அதைச் சுவரில் மாட்ட அவர் தைக்கவில்லை, போர்த்திக்கொள்ளத்தான். இந்தப் பட்டியலை எழுதும்போது அதுதான் ஞாபகம் வந்தது. பீரோவுக்குள் சதுரமாகக் கிடந்தால் அவர் சட்டை யாருக்கு?

இப்போது தினமும் காலை பத்து முதல் பதினொன்று வரை அந்த ஒன்று மட்டும்தான். ஏழு வரிசை சேர்ந்துவிட்டது. ஒரு சட்டைப் பையைப் பிரிக்காமல் அப்படியே வைத்துத் தைத்திருக்கிறேன். அவர் பேனா மை கசிந்த கறையும் அதில் இருக்கிறது. மார்கழிக்குள் முடிந்துவிடும். அதன் பிறகுதான் சுங்குடி.

இரண்டு அட்டைப்பெட்டி நிறையத் துணி இன்னும் இருக்கிறது. தைக்கத் தெரிந்தவர்கள் கேட்டால் கொடுத்துவிடுவேன். நவராத்திரிக்கு என்னைக் கூப்பிடுபவர்களுக்கு ஒரே வேண்டுகோள்: எனக்கு ரவிக்கைத் துணி வேண்டாம், இரண்டு வாழைப்பழமும் கொஞ்சம் சுண்டலும் போதும்.