ஜூஜூவாடியில் இறங்கி நடந்த அப்பா

போன செமஸ்டர் காஸ்ட் அக்கவுண்டிங் வகுப்பில் ஒரு கணக்கு கொடுத்தார்கள். ஒரு இயந்திரம் மாதம் 200 மணி நேரம் ஓடலாம், 160 மணி நேரம்தான் ஓடுகிறது. மீதி 40 மணி நேரம் சும்மா நிற்கிறதே, அதற்கான செலவை எங்கே எழுதுவது? பி.காம். படிக்கிற எல்லோருக்கும் விடை தெரியும். சும்மா நின்றால் நஷ்டம். பக்கத்தில் இருந்த தோழி கடகடவென்று போட்டு முடித்துவிட்டாள். எனக்கு மட்டும் அப்பாவும், ஜூஜூவாடி சோதனைச்சாவடியும் ஞாபகத்துக்கு வந்தன. ஏன் என்று சொல்ல 2020க்குப் போக வேண்டும். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்!

எங்கள் வீடு ஓசூரில். அப்பாவுக்கு வேலை பொம்மசந்திராவில், ஒரு சின்ன லேத் பட்டறையில். பெரிய கம்பெனிகளுக்கு உதிரி பாகம் கடைந்து கொடுக்கிற இடம். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: ஓசூர் தமிழ்நாட்டின் ஓரத்தில் இருக்கிறது. ஜூஜூவாடியோடு நம் மாநிலம் முடிந்துவிடும். அப்புறம் அத்திப்பள்ளி, சந்தாபுரா, பொம்மசந்திரா, எலெக்ட்ரானிக் சிட்டி என்று கர்நாடகம். வீட்டிலிருந்து அப்பாவின் பட்டறைக்குச் சுமார் 20 கிலோமீட்டர். எங்கள் தெருவில் பாதிப் பேர் தினமும் மாநிலம் விட்டு மாநிலம் போய் வருகிறார்கள். அந்தப் பக்கத்திலிருந்தும் நம்ம சிப்காட்டுக்கு ஆட்கள் வருகிறார்கள். வீட்டில் தமிழ், கடையில் தெலுங்கு, பஸ்ஸில் கன்னடம் என்று வளர்ந்தவர்கள் நாங்கள். எல்லை என்றால் கடைப் பலகையில் எழுத்து மாறும், அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன்.

2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்தது. நான் அப்போது ஒன்பதாம் வகுப்பு. பரீட்சை எழுதாமலே பாஸ், ஒரே கொண்டாட்டம்! (அந்தக் கொண்டாட்டத்தை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.) இரண்டு மாதம் பட்டறை மூடியிருந்தது. ஜூன் மாதம் முதலாளி போன் பண்ணினார். ஆர்டர் இருக்கிறது, வருகிற நாளுக்குச் சம்பளம் உண்டு, வராத நாளுக்கு இல்லை என்றார்.

எப்படிப் போவது? நம் மாநிலத்துக்குள் ஜூன் மாதம் 60 சதவீத இருக்கைகளோடு பஸ் ஓட ஆரம்பித்து, ஜூலையில் மறுபடி நின்றது. கர்நாடகத்துக்குள் அவர்கள் பஸ் ஓடியது. ஆனால் எல்லையைத் தாண்டி எந்த பஸ்ஸும் இல்லை. அதோடு இ-பாஸ். அப்பா விடியற்காலையில் கிளம்பி யாருடைய வண்டியிலாவது தொற்றிக்கொண்டு ஜூஜூவாடி வரை போவார். அங்கே இறங்கி அத்திப்பள்ளிக்கு நடை. அங்கிருந்து கர்நாடக பஸ் கிடைத்தால் பட்டறை. சில நாள் போக முடிந்தது. சில நாள் பாதியிலேயே திரும்பி வந்து, ஒன்றும் பேசாமல் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்துவிடுவார். அன்றைக்குச் சம்பளம் இல்லை என்று நாங்களே புரிந்துகொள்வோம்.

ஆகஸ்டில் அம்மாவின் இரண்டு பவுன் சங்கிலி அடகுக்குப் போனது. ஒரு பழைய ஸ்ப்ளெண்டர் வீட்டுக்கு வந்தது. மீட்டரில் 41,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. "பாப்பா, இனிமே நமக்கு யாரு பஸ்ஸும் வேணாம்" என்று அப்பா சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

கர்நாடகத்துக்கு மறுபடி பஸ் விட்டது 2020 நவம்பரில், தீபாவளியை ஒட்டி. இரண்டாவது அலையில் திரும்ப நிறுத்தி, 2021 ஆகஸ்ட் கடைசியில் மறுபடி விட்டார்கள். அதற்குள் அப்பா பஸ்ஸை மறந்தே போயிருந்தார். நகைக்கடனைக் கட்டவே ஒன்றரை வருஷம் ஆனது. வண்டியை வாங்கியாயிற்று, அதை நிறுத்தி வைத்துவிட்டு பஸ்ஸுக்குக் காசு கொடுக்க யாருக்கு மனசு வரும்? எங்கள் தெருவில் மட்டும் இப்படி ஐந்தாறு வண்டிகள் அந்த இரண்டு வருஷத்தில் வந்தன.

இங்கேதான் என் பி.காம். மூளை உறுத்துகிறது. பஸ்ஸை நிறுத்தியது தப்பு என்று சொல்ல வரவில்லை. நோய் உண்மை, எங்கள் தெருவிலேயே இரண்டு பேரை இழந்தோம். ஆனால் பஸ் நின்றதால் மிச்சமான டீசல் ஏதோ ஒரு கணக்குப் புத்தகத்தில் வரவாக ஏறும். அம்மாவின் சங்கிலி எந்தப் புத்தகத்தில் ஏறும்? செலவு ஒன்றும் குறையவில்லை, போக்குவரத்துக் கழகத்தின் கணக்கிலிருந்து எங்கள் வீட்டுக் கணக்குக்கு மாறிவிட்டது. மாதம் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல், பெட்ரோல் மட்டும் 2,000 ரூபாயைத் தாண்டும். வண்டிக்குத் தேய்மானம் போடலாம். அப்பாவின் இடுப்புக்கு எத்தனை சதவீதம் போடுவது?

சரி, கொரோனா ஒரு தடவை வந்தது, போய்விட்டது என்பீர்கள். எங்கள் ஊரில் எல்லை அடைபடுவதற்குக் கொரோனா தேவையில்லை. 2016 செப்டம்பரில் காவிரிப் பிரச்சினையில் பெங்களூரில் தமிழ்நாட்டு பஸ்கள் எரிக்கப்பட்டபோதும் இதே நடைதான். 2023 செப்டம்பர் 29 கர்நாடக பந்த் அன்றும் நம் பஸ்கள் எல்லைக்கு இந்தப் பக்கமே நின்றன. காரணம் மாறிக்கொண்டே இருக்கும், அடைபடுகிற இடம் ஒன்றுதான். ஒரே சாலை, ஒரே சாவடி. 'கடனில் கொஞ்சம் வராமல் போகும்' என்று தெரிந்தே வாரா ஐயக்கடன் ஒதுக்கு வைக்கச் சொல்லிக் கொடுக்கிறார்கள். இந்தச் சாலை அடைபடும் என்றும் எல்லோருக்கும் தெரியும். அதற்கு மட்டும் ஒரு ஒதுக்கும் கிடையாது.

முன்னே ஒரு காலத்தில் அப்படி யோசித்திருக்கிறார்கள் என்பதுதான் வேடிக்கை. இரண்டரை அடி அகலத்தில் குட்டி ரயில் பாதைகள் நம் பக்கம் இருந்தன, தெரியுமா? திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு 1905இல் ஒன்று. மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு 1906இல் இன்னொன்று, அது 1913இல் ஓசூர் வரை நீண்டது. பஞ்சம் வந்தால் தானியம் கொண்டுபோக வேண்டும் என்று போட்ட பாதைகள். பஞ்சம் இல்லாத வருஷத்தில் லாபம் வருமா? வரவில்லை. சாலையில் பஸ்ஸும் லாரியும் வந்ததும் நஷ்டம் என்று சொல்லி, இரண்டாம் உலகப் போர்க் காலத்துக்குள் எல்லாவற்றையும் மூடிவிட்டார்கள். சேலம்–பெங்களூரு பாதை பின்னால் ஓசூர் வழியாக வந்தது, நாங்கள் தப்பித்தோம். மாவட்டத் தலைநகரான கிருஷ்ணகிரிக்கு இன்றுவரை ரயில் நிலையம் இல்லை. அந்தக் காஸ்ட் அக்கவுண்டிங் கணக்கை அன்றைக்கே யாரோ சரியாகப் போட்டிருக்கிறார்கள்!

சும்மா நிற்பதை நஷ்டம் என்று எழுதினால் இதுதான் நடக்கும். டிக்கெட் காசை ரொம்ப நம்பியிருந்த லண்டன் போக்குவரத்து நிறுவனமே 2020 மே மாதம் அரசாங்கத்திடம் 160 கோடி பவுண்டு வாங்கித்தான் வண்டி ஓட்டியது. அவ்வளவு பெரிய ஊருக்கே அந்தக் கதி. கூட்டம் பிதுங்கினால்தான் பஸ் லாபம் என்றால், பாதிப் பேரை ஏற்றச் சொல்கிற காலத்தில் என்ன செய்யும்?

இந்த விஷயத்தில் ஓசூரிடம் ஒரு புதையல் இருக்கிறது, யாரும் கவனிப்பதில்லை. கம்பெனி பஸ்கள்! காலை ஐந்தரை மணிக்கு எங்கள் ராயக்கோட்டை சாலையில் வந்து நில்லுங்கள். வரிசையாகக் கம்பெனி பஸ்கள், கண்ணாடியில் சாய்ந்து தூங்கிக்கொண்டே ஷிப்டுக்குப் போகிற அக்காக்கள். ஊரடங்கு தளர்ந்து ஆலைகள் திறந்ததும் முதலில் ஓடியது இந்த பஸ்கள்தான். ஆட்களை இறக்கிவிட்டால் அடுத்த ஷிப்டு வரை நாள் முழுக்க ஓரத்தில் நிற்கின்றன. நான்கு கம்பெனி பஸ் ஒரே தெருவில் பாதி காலியாகப் போவதும் உண்டு. பட்டறையில் வேலை செய்கிற என் அப்பா மாதிரி ஆட்களுக்கு அதில் இடம் கிடையாது, ஏனென்றால் பத்துப் பேர் வேலை செய்கிற பட்டறைக்கு ஏது பஸ்? இந்த வண்டிகளை ஒரு பொது ஏற்பாட்டில் கொண்டுவந்து, சின்னப் பட்டறைகள் சேர்ந்து கட்டணம் கட்டினால் என்ன? எல்லை அடைபடுகிற நாளில் இந்தந்த பஸ்களுக்கு வழி உண்டு என்று இரண்டு மாநிலமும் முன்கூட்டியே எழுதி வைத்தால் என்ன? நடக்குமா என்று கேட்காதீர்கள். இதற்குப் புதிதாக ஒரு பாலம்கூடக் கட்ட வேண்டாம்.

'எலெக்ட்ரிக் வண்டி வந்துவிட்டதே, அதுதான் தீர்வு' என்று வகுப்பில் ஒரு நண்பன் வாதாடினான். நம் மாவட்டமே அந்த ஸ்கூட்டரைத்தான் செய்கிறது. ஏத்தரும் டிவிஎஸ் ஐகியூபும் ஓசூரில், ஓலா போச்சம்பள்ளிப் பக்கம். புகை குறையும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அத்திப்பள்ளியில் நெரிசலில் நிற்கிற ஸ்கூட்டர், பேட்டரியில் நின்றால் என்ன, பெட்ரோலில் நின்றால் என்ன? அதை வாங்கவும் யாரோ ஒருவருடைய சங்கிலி போக வேண்டும்.

மெட்ரோ கதை தனி. பெங்களூரு மெட்ரோவின் மஞ்சள் பாதை, ஆர்.வி. ரோட்டிலிருந்து பொம்மசந்திரா வரை 19 கிலோமீட்டர், 2025 ஆகஸ்ட் 10 அன்று திறந்தார்கள். அதை ஓசூருக்கு நீட்டுவதைப் பற்றி நம் பக்கம் சென்னை மெட்ரோ நிறுவனம் ஆய்வெல்லாம் செய்தது. பெங்களூரில் தண்டவாளத்துக்குப் பக்கத்திலேயே 750 வோல்ட் மின்சாரம், சென்னை முறையில் மேலே கம்பியில் 25,000 வோல்ட். இரண்டும் ஒட்டாது என்று 2025இல் பெங்களூரு மெட்ரோ தரப்பில் கையை விரித்தார்கள். மின்சாரத்தில்கூட எல்லைப் பிரச்சினை! இதற்கு நடுவில் 2024 ஜூனில் ஓசூருக்கு 2,000 ஏக்கரில் விமான நிலையம் என்று சட்டசபையில் அறிவிப்பு வேறு. எனக்கு விமானம் வேண்டாம் சாமி. பையப்பனஹள்ளி–ஓசூர் ரயில் பாதை இரட்டையாகிற வேலை 2025இலும் நடந்துகொண்டிருந்தது. அது முடிந்து அரை மணிக்கு ஒரு சின்ன ரயில் விட்டால் எங்கள் தெருவில் பாதி வண்டி வீட்டிலேயே நிற்கும். 2020இல் ரயிலும்தானே நின்றது என்பீர்கள். நின்றது. ஆனால் இரண்டு கால் இருந்தால் ஒன்றில் அடிபட்டாலும் நொண்டியாவது போகலாம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஜெயநகரில் எனக்கு ஒரு கோச்சிங் வகுப்பு. திரும்பும்போது ஜில்லென்று மெட்ரோவில் பொம்மசந்திரா வந்து இறங்குவேன். அதோடு சொகுசு முடிந்தது. ஓசூர் பஸ்கள் நடுச் சாலையில் பறக்கும். சர்வீஸ் ரோட்டில் கையை நீட்டிக்கொண்டு நிற்பேன். போன வாரம் முக்கால் மணி நேரம் நின்றும் ஒன்றும் நிற்கவில்லை. ஓவர்டைம் முடிந்து வந்த அப்பா என்னைப் பார்த்து வண்டியை ஓரம் கட்டினார்.

"பஸ்ஸு நிக்கலையா பாப்பா? ஏறு."

பின்னால் உட்கார்ந்து அவர் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தேன். அந்த ஐந்து இலக்க மீட்டர் ஒரு சுற்றுச் சுற்றி முடித்து, மறுபடி 3,000ஐத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது.